மாலைத் தண்ணீர்

மரக்காணம்
16 மே 1976

சேசு மரி சூசை துணை.

கம்ப்யூட்டர் அண்ணன் இன்னாசிராஜுக்கு, கம்புத் தங்கை ஜோசப்பின் எழுதிக்கொள்வது.

நீ மெட்ராஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறாய். நான் இங்கே கால்வாய் மதகடியில் தண்ணீர் அளக்கிற கம்பு பார்க்கிறேன். என் கம்பு இல்லையென்றால் உன் கம்ப்யூட்டர் வெறும் யூட்டர். இதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே படி.

இத்துடன் இந்த மாதத்து நீர்மட்ட அளவுகள். நீ சொன்னபடி ஒரே வரிசையில் காலை, மாலை, காலை, மாலை என்று எழுதியிருக்கிறேன். நீ அட்டையில் துளை போட்டு மிஷினுக்குக் கொடுப்பதாக அம்மாவிடம் சொன்னேன். "அட்டைன்னா கடிக்குமேடி" என்று பயந்துவிட்டாள். நம் உப்பளத்து வாய்க்காலில் இருக்கிற அட்டை இல்லை, காகித அட்டை என்று புரியவைப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

மே மாதத்துக்கு உன் மிஷின் முன்கூட்டிச் சொன்ன தாளை அப்பா அளத்துக் கொட்டகைத் தூணில் ஒட்டியிருக்கிறார். பக்கத்தில் அந்தோணியார் படம். யார் மேலே, யார் கீழே என்று கேட்காதே, அப்பாவுக்குச் சங்கடம்.

ஒரு விஷயம். பதிமூன்றாம் தேதி பௌர்ணமி. அன்றைக்கு அதிகபட்சம் இரண்டரை அடி என்றது உன் தாள். காலையில் சரியாக இரண்டரைதான். மாலையில் மூன்று அடியைத் தொட்டுவிட்டது. நம் வரப்பு மூன்றேகால். இன்னும் மூணு அங்குலம் ஏறியிருந்தால் பாத்திக்குள் வந்திருக்கும். சிங்காரம் மேஸ்திரி என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உங்க அண்ணன் மிஷினு சாயங்காலமானா தூங்கிடுமா?" என்று கேட்டார்.

மிஷினை எழுப்பு.

ஜோசப்பின்

—

சென்னை
21 மே 1976

ஜோசப்பின்,

விளையாட்டுக்கு ஒரு அளவு உண்டு. இந்த முறை அளவிலேயே விளையாடிவிட்டாய்.

உன் கணக்கையும் மிஷின் கணக்கையும் எங்கள் சீஃப் அருகருகே வைத்துப் பார்த்தார். காலை அளவுகள் எல்லாம் பொருந்துகின்றன. மாலை அளவுகள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. "இந்த ரீடிங் எடுக்கிறது யார்?" என்றார். தங்கை என்றேன். "வயசு?" பதினாறு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

நான் இங்கே இன்னும் தற்காலிகம்தான். ஜூன் கடைசியில் என்னை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்கள். உப்பளங்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே நீர்மட்டம் சொல்லும் இந்த வேலையை நம் ஊரை நம்பித்தான் கேட்டு வாங்கினேன்.

போன வருஷம் பழைய தந்தித் தாளில் பத்திரிகை எழுத்தை வெட்டி ஒட்டி, "மந்திரி அளம் பார்க்க வருகிறார்" என்று அனுப்பினாயே. அளத்து ஜனம் முழுக்க பூமாலையோடு வெயிலில் நின்றது. அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது உண்மையைச் சொல். மாலையில் மதகடிக்குப் போகிறாயா, இல்லை வீட்டில் உட்கார்ந்தே எண்ணைப் போடுகிறாயா?

ஜூன் மாதத் தாள் இத்துடன் இருக்கிறது. ஜூன் 12 பௌர்ணமிக்கும் தண்ணீர் இரண்டரை அடியைத் தாண்டாது. அப்பாவிடம் கொடு. பயப்படாமல் உப்பைப் பாத்தியில் விடலாம்.

இன்னாசிராஜ்

—

மரக்காணம்
25 மே 1976

மகா கனம் பொருந்திய இன்னாசிராஜ் அவர்களுக்கு,

இன்னா சி ராஜ், இன்னா! சந்தேகமா?

சரி, வாக்குமூலம் தருகிறேன். மாலையில் மணி அடித்து ஜெபம் முடிந்ததும் லாந்தரை எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போகிறேன். தண்ணீர் ஏறி நிற்கும் வரை காத்திருக்கிறேன். கொசு என்னைப் படிக்கிறது, நான் கம்பைப் படிக்கிறேன். பதிமூன்றாம் தேதி பாவாடை முழங்கால் வரை நனைந்தது. அந்தப் பாவாடையைக் காயவைக்காமல் உனக்குப் பார்சல் அனுப்பியிருக்க வேண்டும். சீஃப் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பார்.

நான் ஊரை ஏமாற்றியிருக்கிறேன். உன்னையும் ஏமாற்றியிருக்கிறேன். உன் சைக்கிள் பெல்லுக்குள் உப்பு போட்டது நான்தான். ஆனால் கம்பில் பொய் சொன்னதில்லை. அதில் என்ன தமாஷ் இருக்கிறது? மூன்றை இரண்டரை என்று சொன்னால் யார் சிரிக்கப் போகிறார்கள்?

உப்பு சிவந்து வந்தால் அப்பா கடலைத் திட்டுகிறாரா? உப்பைத் திட்டுகிறாரா? கடலுக்கும் உப்புக்கும் நடுவில் தண்ணி நின்று காய்கிற பாத்தி இருக்கிறதே, அங்கே போய்க் குனிந்து பார்ப்பார். நீ கடலான என்னைத் திட்டிவிட்டாய். உன் நடுப்பாத்தியில் குனிந்தாயா?

உன் ஜூன் தாளை அப்பா கொட்டகையில் சத்தமாகப் படித்தார். "தண்ணி வராது. அந்தோணியார் திருநாள் பதிமூணு, ஞாயித்துக்கிழமை. அது முடிஞ்சு திங்கக்கிழமை வாரிக்கலாம். கல்லு நல்லா பெரிசாயிரும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு பாத்தியும் பாக்கியில்லாமல், பௌர்ணமி அன்று உப்பு பாத்தியில் தூங்கப் போகிறது. "மே மாசம் சாயங்காலம் மூணு அடி வந்துச்சு" என்று சொன்னேன். பக்கத்துப் பாத்தி பொன்னம்மாள் அக்கா, "மந்திரியும் கூட வந்தாரா?" என்று கேட்டாள். அப்பா உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. இது தமாஷ் இல்லை என்பதைக் காட்ட இந்த வரியில் தமாஷ் எதுவும் வைக்கவில்லை.

ஜோசப்பின்

—

சென்னை
1 ஜூன் 1976

ஜோசப்பின்,

நடுப்பாத்தி எனக்கும் தெரியும். மிஷினிலும் ஒன்று இருக்கிறது. பார்க்க விடவில்லை.

நான் அட்டையில் எழுதுவது போர்ட்ரான் என்ற மொழி. மிஷினுக்கு அது நேராகப் புரியாது. நடுவில் கம்பைலர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. நான் எழுதிய ஒரு வரியை அது மிஷினுக்குப் புரியும் பத்துச் சின்ன வேலைகளாக உடைக்கும். இந்த அறையில் இருப்பதை எடு, அந்த அறையில் இருப்பதைக் கூட்டு, இங்கே வை, இப்படி. (அறை என்றால் மிஷின் ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும் இடம்.) உடைத்த வேலைகளைக் காகிதத்தில் அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் என் சின்னப் புரோகிராமுக்கே அது ஒரு கட்டுக் காகிதம் ஆகும்.

சீஃபிடம் கேட்டேன். "கம்பைலர் எழுதினவன் உன்னைவிட முட்டாளா? உன் தங்கச்சி ரீடிங்கைச் சரி பண்ணு, பேப்பரை வீணாக்காதே" என்றார்.

நான் எழுதிய அட்டைகளை வரி வரியாகச் சரிபார்த்தேன். தப்பு இல்லை. ஆனால் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. காலை அளவுகளை மட்டும் எடுத்துக் கையால் கணக்குப் போட்டேன். மிஷின் சொன்ன அதே விடை, கடைசிப் புள்ளி வரை. அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு கெட்ட சேதியும் இருக்கிறது. இனி அளவு எடுக்கும் வேலையைச் சிங்காரம் மேஸ்திரியிடம் கொடுத்துவிடச் சொல்லி சீஃப் உத்தரவு போட்டிருக்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

இன்னாசிராஜ்

—

மரக்காணம்
5 ஜூன் 1976

கம்பை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

நாலு நாள் அளவு அனுப்புகிறேன். ஒவ்வொரு மாலை அளவுக்கும் சாட்சி உண்டு. சிங்காரம் மாமா, கைநாட்டு. அவர் வராத அன்றைக்கு ஒரு கொக்கு, கால்நாட்டு. சேற்றில் நின்ற காலைக் காகிதத்தில் வைக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று அந்தக் கொக்கைக் கேள்.

பௌர்ணமிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. உப்பு நன்றாகத்தான் விளைந்திருக்கிறது, பார்க்கப் பயமாகிற அளவுக்கு.

பேசியிருக்கலாம் என்றாயே. ஆமாம்.

ஜோ.

—

சென்னை
9 ஜூன் 1976
(எக்ஸ்பிரஸ் டெலிவரி)

வாலு,

நீ சொன்னது எல்லாம் உண்மை. இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்று தபாலாபீஸ் வரை ஓடி வந்தேன்.

உன் கொக்குக் காலை மிஷின் ரூமில் இருக்கும் அரசப்பனிடம் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, "இவ்ளோ மெனக்கெட்டு ஒரு பொண்ணு பொய் சொல்லாதுப்பா" என்றார். பிறகு என் அட்டைக் கட்டின் முன்னால், காகிதத்தில் அச்சிடச் சொல்லும் அட்டையைத் தானே சொருகினார். "ஒரு பெட்டி பேப்பரை எலி கடிச்சிட்டுதுன்னு எழுதிக்கறேன்."

அந்தக் கட்டைத் தரையில் விரித்து, மேலே மண்டியிட்டுப் படித்தேன். அப்பா நடுப்பாத்தியில் குனிகிற மாதிரியேதான் இருந்திருக்கும்.

என் புரோகிராமில் இருபது இடத்தில் 1 என்று எழுதியிருக்கிறேன். கம்பைலர் இருபது ஒன்று வைக்கவில்லை. ஒரே ஒரு அறையில் 1 என்று போட்டுவிட்டு, இருபது இடத்துக்கும் அந்த ஒரே அறையைக் கைகாட்டிவிட்டது. அதில் தப்பில்லை. ஒன்று எங்கே போய்விடப் போகிறது?

தப்பு என்னுடையது. சராசரி எடுக்கும் பகுதியை நான் எழுதவில்லை, வேறொருவர் எழுதியதை வாங்கிச் சேர்த்தேன். "முதலாவது அளவிலிருந்து ஆரம்பி" என்று சொல்லி 1-ஐ அதன் கையில் கொடுத்தேன். அது தன் வேலையை முடித்துவிட்டு, அடுத்து எந்த இடம் என்பதைக் கொடுத்த அறையிலேயே எழுதி வைக்கும் பழக்கமுள்ளது. எழுதிவிட்டது, 2 என்று. நான் எழுதிய அட்டையில் இது எங்கேயும் தெரியாது. உடைத்த வேலைகளில் மட்டும் ஒரே ஒரு வரி: "அந்த அறையில் வை."

அந்த நிமிஷத்திலிருந்து, ஒன்று என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் மிஷின் இரண்டு என்று படித்தது. "ஒன்றைக் கூட்டி அடுத்த அளவுக்குப் போ" என்றால் இரண்டைக் கூட்டிப் போனது. உன் வரிசை காலை, மாலை, காலை, மாலை. முதல் காலையை அதற்கு முன்பே எடுத்துவிட்டது, அங்கிருந்து இரண்டு தள்ளிப் போனதால் மாலையைத் தாண்டியது. மறுபடி காலை. நீ லாந்தரோடு காத்திருந்த ஒரு மாலையைக்கூட அது கண்ணால் பார்க்கவில்லை.

ஒரு அட்டையை மாற்றி மறுபடி ஓட்டினேன். மே 13 மாலை, மூன்று அடி என்று சொல்லிற்று. அரசப்பன் என் முதுகில் அடித்தார். பிறகு ஜூன் 12 வந்தது. அடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

மூன்றரையைத் தாண்டுகிறது, வாலு. சனிக்கிழமை மாலை. வரப்புக்கு மேலே.

அப்பாவுக்கு இப்போதே தந்தி கொடுக்கிறேன். சனி மாலைக்குள் உப்பு ரோட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். தூணில் இருக்கும் என் தாளைக் கிழித்துவிடு. உன்னை நம்பாததற்கு மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதத்தில் இடம் போதாது. நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இன்னாசி

—

மரக்காணம்
13 ஜூன் 1976
அந்தோணியார் திருநாள்

அண்ணா,

முதலில் உன் தந்தியின் கதை. வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் கொடுத்தார். அப்பா படித்தார், தாளைத் திருப்பினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், எழுத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இந்த வாட்டி பசை தெரியாம நல்லா ஒட்டியிருக்கே."

தபால்காரர் எவ்வளவோ சொன்னார். "உனக்கு எத்தினி முறுக்கு குடுத்தா?" என்று சிங்காரம் மாமா அவரையும் கேட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை உன் கடிதம். அப்பாவிடம் ஓடினேன். கையெழுத்தைப் பார்த்தார். "எட்டாங்கிளாஸ் மார்க் அட்டையில எங்கையெழுத்தையே போட்டவதானே நீ? இன்னாசி மாதிரி எழுதறது உனக்கு ஒரு வேலையா?" அப்புறம் தூணைக் காட்டினார். "மிஷின் அடிச்ச தாளு அங்க இருக்குது. அது பொய் சொல்லாது."

கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் எது சொன்னாலும் இந்த ஊர் அதைத் திருப்பித்தான் படிக்கும். உன் மிஷின் ஒன்றை இரண்டாகப் படித்த மாதிரி. சரி, திருப்பிப் படிக்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுப்போம்.

பொன்னம்மாள் அக்காவிடம் போனேன். காதோடு சொன்னேன். "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்கு லாரி எதுவும் வரலை."

"எந்த லாரிடி?"

"கூட வெலைக்கு உப்பு எடுக்கிற எந்த லாரியும் வரலை. ரோட்டு மேட்டுல உப்பைக் குவிச்சு வெச்சாலும் ஏத்த யாரும் வரமாட்டாங்க. எங்கப்பா யார்கிட்டயும் ரகசியமா பேசல."

என் முகத்தையே பார்த்தாள். "சத்தியமா?"

"அந்தோணியார் மேல சத்தியமா."

அவ்வளவுதான். உப்பு வாரும் பலகையை எடுத்தாள்.

சனிக்கிழமை விடிந்தபோது அளம் முழுக்க ஜனம். சிங்காரம் மாமா ஆட்களோடு வந்துவிட்டார். எக்கியார்குப்பத்திலிருந்துகூட நாலு பேரைக் கூலிக்குப் பிடித்திருந்தார்கள். கூடை கூடையாக உப்பு மேட்டுக்கு ஏறியது. யார் குவியல் லாரிக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்குச் சண்டை வேறு. நான் நடுவில் நின்று, "லாரி வரலை, வரலை" என்று கத்தினேன். கத்தக் கத்த ஓட்டம் கூடியது.

பிறகுதான் பார்த்தேன். ஒரே ஒரு பாத்தியில் மட்டும் யாரும் இல்லை. நம் பாத்தி.

லாரிக்கு ஏற்பாடு செய்யவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அப்பா! அவர் கொட்டகையில் உட்கார்ந்து, "லாரி ஏதுய்யா? நான் யாருக்குச் சொன்னேன்?" என்று சிரித்துக்கொண்டிருந்தார். சிங்காரம் மாமா கூடையோடு ஓடிக்கொண்டே, "தெரியும் தெரியும், நீ எதுக்குச் சொல்லப் போறே?" என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. அத்தனை பேரையும் யோசித்தேன், அப்பாவை யோசிக்கவில்லை.

காலில் விழுந்தேன். உண்மையாகவே விழுந்தேன். "ஏந்திரி, நடிக்காதே" என்றார். அம்மாதான் கூடையை எடுத்தாள். "உண்மையோ பொய்யோ எனக்கு வேணாம். கை சும்மாதானே இருக்குது." அவளும் நானும் இருட்டும் வரை சுமந்தோம். கால்வாசி ஏற்றியிருப்போம்.

திருநாளுக்கு முந்தின மாலை பூசை. கோயிலுக்குள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் மதகடியில் நின்றேன். மூன்று அடி ஏறியது. மூன்றேகால். அப்புறம் வரப்பு இருந்த இடம் ஒரு கோடாகத் தெரிந்தது. அப்புறம் கோடும் இல்லை. சத்தமே போடாமல் வந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

கோயிலுக்கு ஓடி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் பாவாடையைப் பார்த்தார். இடுப்பு வரை நனைந்திருந்தது. உடனே எழுந்து வந்தார்.

பாத்தியில் முழங்கால் தண்ணீரில் நின்றார். குனிந்து ஒரு கை அள்ளினார். கல்லு நல்லா பெரிசாத்தான் இருந்தது. விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருந்தது, கை காலியாகும் வரை.

பின்னாலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். மேட்டில் அவரவர் குவியல் வெள்ளையாக நின்றது. சிங்காரம் மாமா அதைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லாரி…" என்றார்.

"வரலைன்னுதானே மாமா சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. பொன்னம்மாள் அக்கா தன் முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டாள்.

இன்று காலையில் போய்ப் பார்த்தால் கம்பைக் காணோம். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார்தானே, அவருக்கும் இன்று திருநாள், வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்று மாலை அளவு இதுதான்: கம்பு தெரியவில்லை. இதை உன் அட்டையில் எப்படித் துளை போடுவாய் என்று யோசி.

இவ்வளவும் எழுதி மடிக்கப் போனபோது அப்பா கூப்பிட்டார். பூசை வேட்டியோடு மதகடியில் நின்றிருந்தார். புதுக் கம்பு நட்டிருந்தார், பழையதைவிட உயரமாக. உன் பழைய தாள் கையில் கசங்கிக் கிடந்தது. அதன் முதுகுப் பக்கத்தைத் தொடையில் வைத்து நீவினார், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"எவ்ளோ இருக்குது, சொல்லு" என்றார்.

அவருக்கே தெரியும் அண்ணா, கம்பு அவர் கண்ணெதிரேதான் இருந்தது. ஆனாலும் தலையைத் தூக்காமல், நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். சொன்னேன். அப்படியே எழுதினார். அந்தத் தாளை இத்துடன் வைக்கிறேன்.

*13 காலை. இரண்டு அடி ஒன்பது அங்குலம். பார்த்துச் சொன்னது ஜோசப்பின். எழுதினது அப்பா. சாயங்காலமும் எழுதுவேன்.*